பீச் ஸ்டேஷனில் பீச் எங்கே? சென்னைக் கடலோரச் சாலையின் கதையும் கணக்கும்

சென்னைக்குப் புதுசா வருகிறவர்கள் ஒருமுறையாவது ஏமாறும் இடம் பீச் ஸ்டேஷன். பெயரை நம்பி இறங்கி வெளியே வந்தால் எதிரே ராஜாஜி சாலை.  கடல் எங்கே என்று யாரையாவது கேட்டால், "மெரினாவா? திரும்ப ஸ்டேஷனுக்குள்ள போய் வேளச்சேரி வண்டி புடிங்க, சேப்பாக்கத்துல இறங்குங்க" என்பார்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தில் அப்படி முழித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் ஸ்டேஷனுக்குத் தப்பாகப் பெயர் வைத்துவிடவில்லை. ராஜாஜி சாலையின் பழைய பெயரே 'ஃபர்ஸ்ட் லைன் பீச்'. ஒரு காலத்தில் அந்தச் சாலைக்கு எதிரே கடல்தான் இருந்தது. பிறகு துறைமுகம் வந்தது, நடுவே நிலம் வந்தது, கடல் தள்ளிப் போனது. அதே துறைமுகம்தான் தெற்கே மெரினாவை அகலமாக்கியது. வடக்கே கடலை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்ததும் அதுதான்.

காமராஜர் சாலையின் ட்ரோன் வீடியோ வராத வாரம் இல்லை. ஒரு பக்கம் செக்கச் செவேல் என்று பழைய கட்டடங்கள், மறு பக்கம் மணலும் நீலமும். எனக்கும் பிடிக்கும். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு அந்த வழியாக ஸ்கூட்டரில் போவதுதான் என் நாளின் நல்ல பத்து நிமிஷம். ஆனால் அந்த அழகு சும்மா வரவில்லை. அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள். கடலோரமாக இன்னொரு சாலை, இன்னொரு பாலம் என்ற பேச்சு சென்னையில் திரும்பத் திரும்ப எழுவதால், அந்தப் பழைய கணக்கை இப்போது பார்ப்பது நல்லது.

முதலில் ரூட்

வடக்கே எண்ணூரிலிருந்து கிளம்புவோம். எண்ணூர் விரைவு சாலை கடலை ஒட்டியே திருவொற்றியூர் வழியாகக் காசிமேடு பக்கம் வரும். இடது கைப்பக்கம் கடல்தான், ஆனால் மணல் குறைவு. பல இடங்களில் கொட்டிவைத்த கருங்கல்தான் கரை. சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்.

ராயபுரம் தாண்டினால் ராஜாஜி சாலை. பீச் ஸ்டேஷன், பர்மா பஜார், தலைமைத் தபால் நிலையம், ரிசர்வ் வங்கி, செயின்ட் ஜார்ஜ் கோட்டை. பெயரெல்லாம் பீச், பார்வைக்குக் கடல் கிடையாது.

அடுத்து போர் நினைவுச் சின்னம், கூவத்தின் மேல் நேப்பியர் பாலம். ஆளுநர் நேப்பியர் காலத்தில், 1869-இல் முதலில் கட்டப்பட்டது. 2022 செஸ் ஒலிம்பியாடுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டு வைரலானது இதே பாலம்தான்.

பாலத்தைக் கடந்தால் காமராஜர் சாலை. கலங்கரை விளக்கம் வரை சுமார் மூன்றரை கிலோமீட்டர். வலது பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், சேப்பாக்கம் அரண்மனை, மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், ராணி மேரி கல்லூரி. இடது பக்கம் தலைவர்களின் நினைவிடங்கள், உழைப்பாளர் சிலை, பிறகு மணல்.

கலங்கரை விளக்கத்தில் வழி இரண்டாகப் பிரியும். ஒன்று சாந்தோம் நெடுஞ்சாலையாக ஊருக்குள் போகும். இன்னொன்று கரையோடு ஒட்டி, நொச்சிக்குப்பம் வழியாகப் பட்டினப்பாக்கம் வரை போகும் லூப் ரோடு. அதற்கும் தெற்கே அடையாற்றின் முகத்துவாரம். அங்கே 1967-இல் கட்டி 1977-இல் இடிந்த 'உடைந்த பாலம்' இன்றும் பாதியில் நிற்கிறது.

ஒரே கடல்தான். ஆனால் ஒவ்வொரு துண்டிலும் அது வேறு மாதிரி இருக்கிறது. ஏன்?

மெரினாவை உருவாக்கிய சுவர்

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் கரையில் வருஷத்தின் பெரும்பாலான மாதங்கள் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம்.

1870-களின் நடுவில் மெட்ராஸ் துறைமுகத்தைக் கட்ட ஆரம்பித்தார்கள். கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1881 புயல் அவற்றை நொறுக்கியது. விடாமல் திரும்பக் கட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் மோதி, தெற்குப் பக்கம் தேங்க ஆரம்பித்தது. வருஷா வருஷம் கரை அகலமானது.

இதற்கு ஒரு சாட்சி விவேகானந்தர் இல்லம். 1842-இல் அது ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கக் கட்டிய கிடங்கு. கரையில் இறக்கியதும் உருகுவதற்குள் உள்ளே சேர்க்கவேண்டிய சரக்கு, அதனால் கடலுக்குக் கிட்டத்திலேயே கட்டினார்கள். இன்று அதே வாசலிலிருந்து அலையில் கால் நனைக்க, சாலையைத் தாண்டி, சர்வீஸ் ரோட்டைத் தாண்டி, மணலில் நூற்றுக்கணக்கான மீட்டர் நடக்கவேண்டும். மெரினா மணலின் சராசரி அகலம் இப்போது சுமார் 300 மீட்டர்.

1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் இங்கே உலாவும் பாதை அமைத்து, 'மெரினா' என்று பெயர் வைத்தார். சிசிலித் தீவின் நினைவில் வைத்த பெயர். நாம் மெரினாவை 'இயற்கையான நீண்ட கடற்கரை' என்று சொல்லிக்கொள்கிறோம். நீளம் இயற்கை தந்தது, சரி. அகலத்தில் பெரிய பங்கு துறைமுகம் தந்தது.

வடக்கே என்ன ஆனது?

தெற்கே தேங்கிய மணல் வடக்கே போகவேண்டிய மணல். அது வராததால் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் அலைகள் கரையை எடுத்தன. கடலரிப்பு என்று செய்தியில் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோம். அங்கே இருப்பவர்களுக்கு அது தெரு, வீடு, கோயில், வலை காயப்போட்ட மணல். கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு கட்டினார்கள். ஓரிடத்தில் மணல் நின்றால் அரிப்பு அடுத்த இடத்துக்கு நகர்ந்தது.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் திருவொற்றியூர்க்காரர். மெரினா ஸ்டோரி ஒன்றை எடிட் செய்யும்போது சொன்னார்: "நீங்க கடலைப் பார்க்கப் போவீங்க. எங்க பக்கம் கடல் எங்களைப் பார்க்க வரும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. துறைமுகம் இல்லாமல் இந்த நகரமே இல்லை. ஆனால் 140 வருஷத்துக்கு மேலாகியும் லாபம் ஒரு பக்கமும் நஷ்டம் மறு பக்கமும் நிற்கிறது. அழகுபடுத்தும் பணம், நடைபாதை, விளக்கு, ஐ லவ் சென்னை போட்டோ எல்லாம் பெரும்பாலும் தெற்குப் பக்கமே போகின்றன. வடக்குக்கு லாரியும் கருங்கல்லும்.

இடம் யாருக்கு என்ற சண்டை

காமராஜர் சாலை வெறும் வேடிக்கை பார்க்கும் சாலையாக என்றுமே இருந்ததில்லை. மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923-இல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய இடங்களில் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை இங்கே நிற்பது 1959-லிருந்து. 2003-இல் தலைமைச் செயலகம் கட்டுவதற்காக ராணி மேரி கல்லூரியை எடுக்கப் பார்த்தார்கள். சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி அது. மாணவிகள் வாசலில் உட்கார்ந்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம் நம்மில் பலர் நேரில் பார்த்தது.

அதிகம் பேசப்படாத ஆண்டு 1985. மெரினாவை அழகாக்குவதற்காக மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முயன்றது. எதிர்ப்பு எழுந்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 'அழகு' என்ற சொல் இந்தக் கரையில் என்ன வேலை செய்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவம் போதும்.

அதன் தொடர்ச்சியைத்தான் லூப் ரோட்டில் பார்த்தோம். சாலையோர மீன் கடைகளால் டிராஃபிக் என்று 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கடைகளை அகற்றும் வேலை தொடங்கியதும் மீனவர்கள் சாலையில் இறங்கினார்கள். பிறகு மாநகராட்சி நொச்சிக்குப்பத்தில் 300-க்கும் அதிகமான கடைகளோடு நவீன மீன் அங்காடி கட்டியது. 2024 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது.

அங்காடி வந்தது நல்ல விஷயம்தான். கூரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. ஆனால் 'சாலையை ஆக்கிரமித்த மீனவர்கள்' என்ற தலைப்பை எங்களைப் போன்ற டிஜிட்டல் டெஸ்க்குகள் போட்டது சரியா? குப்பங்கள் சாலைக்கு மூத்தவை. படகு இழுத்துப்போட்டு, வலை காயவைத்து, வந்த மீனை அங்கேயே விற்ற மணலில் பிறகுதான் தார் வந்தது. சாந்தோம் நெரிசலிலிருந்து தப்பிக்க ஷார்ட்கட் எடுக்கும் நாம்தான் அந்த ஊருக்குள் புதிதாக வந்தவர்கள்.

சட்டத்தில் ஒரு சாலை என்றால் என்ன?

இது பலருக்குத் தெரியாத விஷயம். கடலோர ஒழுங்குமுறை மண்டலம், சுருக்கமாக சிஆர்இசட், 1991-இல் வந்த விதி. பிறகு 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. இதன்படி ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நகரப் பகுதிகளில் கட்டடம் கட்ட எல்லைக்கோடாக எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அங்கே இருக்கும் சாலையைத்தான். சாலைக்கு நிலப்பக்கம் கட்டலாம், கடல்பக்கம் கூடாது.

யோசித்துப் பாருங்கள். கடலுக்கு இன்னும் கிட்டத்தில் ஒரு புதுச் சாலை போட்டால் கோடே நகர்ந்துவிடாதா? இந்த ஓட்டையை அடைக்கத்தான், அப்படிப் போடும் புதுச் சாலையைக் காட்டி அதன் நிலப்பக்கம் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2011 அறிவிக்கை தனியாகச் சொன்னது. கடலோரச் சாலை வண்டி ஓட மட்டும் பயன்படுவதில்லை, நிலத்தின் மதிப்பையும் மாற்றுகிறது என்பது விதியை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. மீனவ கிராமங்கள், படகு நிறுத்தும் இடம், மீன் காயவைக்கும் இடம் போன்ற பொது இடங்களை வரைபடத்தில் குறிக்கவேண்டும் என்றும் அதே அறிவிக்கை சொல்கிறது.

அப்போ ரோடே வேண்டாமா?

கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை நோக்கி, கரையோரமாக உயர்மட்டச் சாலை என்ற யோசனை 2000-களின் கடைசியிலேயே வந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள், அது நடக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் கடல்வழிப் பாலம் என்று வேறு வடிவத்தில் திரும்பியிருக்கிறது. "மும்பையில கோஸ்டல் ரோடு வந்தாச்சு, நமக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். திருவான்மியூரிலிருந்து பாரிமுனைக்கு மாலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மும்பையின் கதையை முழுசாகச் சொல்லவேண்டும். வொர்லியில் கோலி மீனவர்கள், பாலத்தின் தூண்களுக்கு நடுவே 60 மீட்டர் இடைவெளி விட்டால் படகு பாதுகாப்பாகப் போக முடியாது என்று போராடினார்கள். வேலையைத் தடுத்து நிறுத்தினார்கள். கடைசியில் இடைவெளி 120 மீட்டர் ஆனது. கடலை அறிந்தவர்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால் அந்த இழுபறியே இருந்திருக்காது.

என் கருத்து எளிமையானது. சென்னைக் கரையில் எந்தப் புதுச் சாலையோ பாலமோ வருவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஒன்று, இதன் தூணும் சுவரும் மணல் ஓட்டத்தை எங்கே தடுக்கும், எந்த ஊரின் கரை குறையும்? இரண்டு, குப்பங்களின் படகுத் துறையும் வலைக்களமும் திட்ட வரைபடத்தில் இருக்கின்றனவா? மூன்று, எண்ணூர் விரைவு சாலையில் நடக்க ஒரு நடைபாதை, கடலைப் பார்க்க ஒரு பெஞ்ச், லாரிக்குத் தனி வழி எப்போது? தெற்கே போகும் ஒவ்வொரு கோடிக்கும் பக்கத்தில் வடக்கின் எண்ணையும் எழுதிக் காட்டவேண்டும்.

இதில் நமக்கும் வேலை இருக்கிறது. இதுபோன்ற திட்டங்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிப்பார்கள். பேப்பரில் சின்னதாக வரும், ஆன்லைனில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். அடுத்த முறை உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் புதுப் பாலத்தின் பளபள படம் வந்தால், ஹார்ட் போடுவதற்கு முன் அந்த பிடிஎஃப்-ஐத் திறந்து வரைபடத்தைப் பாருங்கள். நொச்சிக்குப்பம் அதில் இருக்கிறதா, திருவொற்றியூர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், கடைசித் தேதிக்குள் ஒரு மெயில் போடுங்கள்.