ராஜாவுக்குப் பிறகு யாருமே இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள். பாதியிலேயே லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

டல்லாஸில் இருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டிருந்தாள். "ஐயா, பிள்ளைங்களை நீச்சலுக்கும் டான்ஸுக்கும் கூட்டிட்டுப் போறதுல தினம் ஒரு மணி நேரம் கார்லயே போகுது. அவர் ராஜா சாரைத் தவிர வேற பாட்டே போடவிட மாட்டேங்கிறார். பிள்ளைங்க அனிருத் போடுன்னு அடம். இப்ப மியூசிக் பண்றவங்கள்ல யாரைக் கேட்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க." நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தக் கேள்வியை அப்படியே உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்றைக்கு ராத்திரி பதினொரு மணி வரை அடிதடி. ஒரு கட்சி "ராஜாவுக்குப் பிறகு இசையே இல்லை" என்கிறது. இன்னொரு கட்சி "ஐயா, உங்க காலம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு" என்கிறது. குழுவிலிருந்து ஒருவன் விலகியே போய்விட்டான். தம்பி, திரும்பி வா. பாட்டுக்காகவெல்லாம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு ராகம் தெரியாது, ஆரோகணம் அவரோகணம் தெரியாது. தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன். அதனால் என் கையில் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான். மெட்டு தமிழ்ச் சொல்லுக்கு இடம் விடுகிறதா, இல்லை அதன்மேல் ஏறி உட்காருகிறதா?

விளக்கமாகவே சொல்கிறேன். நம் சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் பிறக்கிறது. இசையமைப்பாளர் "தன்னானே தானா" என்று தத்தகாரம் பாடிக் கொடுப்பார். கவிஞர் அதில் சொல்லை உட்காரவைப்பார். ஆக, எந்த இடம் நீளும், எந்த இடம் குறுகும் என்பதை, பாட்டு எழுதுகிறவர் பேனாவைத் திறக்கும் முன்பே மெட்டு போட்டவர் முடிவு செய்துவிடுகிறார். நீளும் இடத்தில் குறில் விழுந்தால் என்ன ஆகும்? "படு" என்பது "பாடு" ஆகும். "விடு" என்பது "வீடு" ஆகும். ஓட்டம் அதிகமானால் இன்னொரு தொல்லை. ழகரம் சொல்ல நாக்கு மடங்கி மேலே போய்த் திரும்ப வேண்டும், அதற்கு ஒரு கணமாவது வேண்டும். அந்தக் கணத்தை மெட்டு கொடுக்காவிட்டால் எவ்வளவு நல்ல பாடகர் வந்தாலும் "வாழை" வாலையாகத்தான் போகும். நாம் பாடகரைத் திட்டுகிறோம். பல சமயம் பழி மெட்டுக்குப் போக வேண்டியது.

"இதென்ன இலக்கண வகுப்பா, பாட்டுதானே" என்று கேட்பீர்கள். டல்லாஸ் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அம்மா குரலைத் தவிர அவர்கள் காதில் விழும் தமிழ் அந்தக் காரில் ஓடும் பாட்டு மட்டும்தான். டல்லாஸ் வரை போவானேன்? நம் மன்னார்குடிப் பக்கத்திலேயே எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கிலம்தான். வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் வீடுகளில் போய்விட்டது. ஒரு குழந்தை ஒரு தமிழ்ச் சொல்லை நூறு தடவை கேட்கிறது என்றால் அது சினிமாப் பாட்டில்தான். அதைச் செய்கிறவர் யார் என்று பார்த்து எடுக்க வேண்டாமா?

சரி, ஆட்களுக்கு வருவோம். முதலில் ராஜாவேதான், ஏனென்றால் அவர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார். "ராஜாவுக்குப் பிறகு" என்று பேசுகிறவர்கள் பலர் அவருடைய இப்போதைய பாட்டைக் கேட்பதே இல்லை, அதுதான் வேடிக்கை. 2023இல் 'விடுதலை' முதல் பாகம் வந்தபோது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. அதில் தனுஷும் அனன்யா பட்டும் பாடும் பாட்டைக் கேளுங்கள். இரண்டு பேர் காட்டுப்பாதையில் நடக்கிற வேகத்துக்கு மேல் மெட்டு ஓடவே இல்லை. சுகா எழுதிய ஒவ்வொரு சொல்லும் காதில் வந்து இறங்குகிறது. டல்லாஸ் மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை: உங்கள் ராஜாவில் 1985ஐ மட்டும் போடாதீர்கள், இதையும் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடிக்க வராதீர்கள். ராஜா ஆயிரம் படத்துக்கு மேல் இசையமைத்தவர். அதில் நமக்கு வாயில் வருவது எத்தனை படம்? நாற்பது வருடம் காலம் சலித்துக் கொடுத்த நூறு படத்தை வைத்துக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை வந்த படத்தோடு மல்லுக்கு நிறுத்துகிறோம். இது நியாயமான போட்டி இல்லை. அந்தக் காலத்திலும் குப்பை இருந்தது. டீக்கடை ரேடியோவில் நானே கேட்டிருக்கிறேன்.

ரகுமான் மேல் எனக்கு 1992 'ரோஜா' காலத்திலிருந்தே ஒரு சண்டை உண்டு. குரலையும் இன்னொரு வாத்தியம் மாதிரி ஒலிக்குள் புதைத்துவிடுவார். தமிழ் தெரியாத பாடகர்களை அழைத்துவந்து அவர் பாடவைத்த சில பாட்டுகளில் எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க எனக்கே இரண்டு மூன்று நாள் ஆனதுண்டு. ஆனால் அதே மனிதர் 2018இல் '2.0' படத்துக்கு ஒரு பாட்டு போட்டார். நா. முத்துக்குமார் எழுதியது, அவர் இறந்து இரண்டு வருடம் கழித்துப் படம் வந்தது. பாட்டின் பெயர் 'புள்ளினங்காள்'. "புள்" என்றால் பறவை என்று செய்யுளில் நடத்துவேன், யாருக்காவது நினைவிருக்கிறதா? "புள்ளினங்கள்" என்பது விளிக்கும்போது "புள்ளினங்காள்" என்று நீளும், எட்டாம் வேற்றுமை. எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அந்த மெட்டு எங்கே நீள்கிறதோ, சரியாக அங்கேதான் இலக்கணமும் நீள்கிறது. பம்பா பாக்யாவின் கனத்த குரலில் அந்தச் சொல் எவ்வளவு நிதானமாக வருகிறது பாருங்கள். பக்கத்து வீட்டு யு.கே.ஜி. குழந்தை பால்கனியில் நின்று புறாவைப் பார்த்து அதைப் பாடியது. பாக்யா 2022 செப்டம்பரில் போய்ச்சேர்ந்துவிட்டார். 'பொன்னியின் செல்வன்' திரைக்கு வருவதற்குச் சில வாரம் முன்பு. அந்தப் படத்திலும் அவர் குரல் இருக்கிறது.

இப்போது சந்தோஷ் நாராயணன். இங்கேதான் எனக்குச் சொந்தத்திலேயே பகை. போன கல்யாணத்தில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது, 'கர்ணன்' படத்தில் கிடக்குழி மாரியம்மாள் பாடிய பாட்டை ஒரு பையன் போனில் போட்டான். உறவினர் ஒருவர் முகத்தைச் சுளித்து, "கல்யாண வீட்ல சாவுக்கூத்தை நிறுத்துப்பா" என்றார். பெரியவர், பெயர் வேண்டாம், இந்தப் பதிவையும் படிப்பார். அவருக்குச் சபையில் சொல்லாததை இங்கே சொல்கிறேன். புறநானூற்றில் தலைவன் இறந்தபின் புலவர் அழுது பாடுவதைக் கையறுநிலை என்று துறை பிரித்து, மனப்பாடப் பகுதியில் வைத்து, ஐந்து மதிப்பெண் போட்டோம். அதுவும் இழவுப் பாட்டுதான். ஏட்டில் இருந்தால் இலக்கியம், ஒரு கிராமத்துப் பெண் தொண்டையைத் திறந்து பாடினால் கூத்தா? அந்த அம்மாவின் தமிழில் ஒரு குறில் நெடில் பிசகு காட்டுங்கள் பார்ப்போம். மேடை மைக்குக்காகக் குழைத்த தமிழ் இல்லை அது, வயல்வரப்பில் எட்டுக் கால் தூரம் கேட்க வேண்டும் என்று பழகிய தமிழ். சந்தோஷ் செய்த பெரிய காரியம், அந்தக் குரலைச் சீர்செய்கிறேன் பேர்வழி என்று கெடுக்காமல் நடுவில் நிறுத்தி, பறையைச் சுற்றி வைத்தது.

2012இல் 'அட்டகத்தி'யில் கானா பாலாவைப் பாடவைத்ததிலிருந்தே அவர் இதைத்தான் செய்துவருகிறார். சென்னைத் தமிழும் திருநெல்வேலித் தமிழும் நம் தஞ்சாவூர்த் தமிழும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுதான். ஒன்று உயர்வு, ஒன்று மட்டம் என்று நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளில் பறையடிக்கிற வீட்டிலிருந்து வந்தவர்கள் உண்டு. இன்று அவர்களில் ஒருத்தி இந்தப் பதிவுக்குக் கீழே முதல் ஆளாக வந்து நிற்பாள், பாருங்கள். சந்தோஷிடம் எனக்குக் குறையும் உண்டு. சில மேற்கத்திய பாணிப் பாட்டுகளில் சொல்லை மென்று பாடவிட்டுவிடுகிறார். அவற்றை டல்லாஸ் காரில் தள்ளிவிடலாம்.

கோவிந்த் வசந்தா மலையாளத்துக்காரர், வயலின்காரர். இருந்தும் '96' படத்தில் கார்த்திக் நேத்தாவுக்கும் உமாதேவிக்கும் அவர் விட்ட இடம் தமிழ்நாட்டில் பிறந்த பலர் விடாதது. அதில் ஒரு பாட்டுக்கு 'அந்தாதி' என்றே பெயர். ஒரு சினிமாப் பாட்டுக்கு அப்படிப் பெயர் வைத்த துணிச்சலுக்கே நான் எழுந்து நின்று கைதட்டினேன். 2024இல் 'மெய்யழகன்', நம் நீடாமங்கலத்துக் கதை. அதில் கமல்ஹாசன் பாடிய பாட்டுகளைக் கேட்டால் தனியாக ஒரு வாத்தியார் தேவையில்லை, அவ்வளவு துலக்கம். ஊரைவிட்டுப் போனவர்கள் ராத்திரியில் தனியாகக் கேட்க வேண்டாம். தூக்கம் போய்விடும்.

ஷான் ரோல்டனை நான் இன்னும் அதிகம் பேர் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். 'ஜெய் பீம்' படத்தில் பிரதீப் குமார் பாடிய பாட்டு தாலாட்டு நடையில் போகும். குழந்தைகளுக்கு அதுதான் முதல் பாடம். 2025இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் 'முகை மழை' என்று ஒரு பாட்டு. முகை என்றால் மொட்டு. இதை எந்தக் கல்லூரிப் பிள்ளையிடம் கேட்டாலும் அந்தப் படம் வரும்வரை முழித்திருப்பான்.

அனிருத்தைப் பற்றி நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிறீர்கள். 2023 ஒரே ஆண்டில் 'ஜெயிலர்', 'ஜவான்', 'லியோ' மூன்றும் அவருடையது. தியேட்டரில் நாற்காலியே அதிர்ந்தது, நானும் விசிலடிக்கத் தெரிந்திருந்தால் அடித்திருப்பேன். அது நாயகன் கதவைத் திறந்து வருவதற்குப் போட்ட இசை. அந்த வேலையில் அவரை மிஞ்ச இப்போது ஆளில்லை. ஆனால் வீட்டில், படம் இல்லாமல், மிக்ஸி ஓடுகிற அடுக்களையில் கேட்டுப்பாருங்கள். டமார் டமார் மட்டும் மிஞ்சும், சொல் மிஞ்சாது. அவருக்கு மென்மை வராது என்பதும் பொய். 'திருச்சிற்றம்பலம்' படத்தில் தனுஷுக்கு எவ்வளவு இதமாக மெட்டு கொடுத்திருக்கிறார்! அதில் ஒரு பாட்டைச் சந்தோஷ் நாராயணன் பாடியிருக்கிறார் என்பதை இரண்டு பேருக்குமான ரசிகச் சண்டைக்காரர்கள் கவனிக்கவும். அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், நீங்கள் கமென்ட்டில் சட்டையைப் பிடிக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு அனிருத் வேண்டுமென்றால் அந்தப் படத்திலிருந்து தொடங்கு, அம்மா.

ஜி.வி. பிரகாஷ் 'வாத்தி' படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர். அந்தப் பாட்டைப் போட்டு என் போனுக்கு ரிங்டோன் வைத்த தடியன் யார் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. என்னைக் கேட்டால் அதைவிட 'அசுரன்' நூறு மடங்கு உயர்வு. இமானிடம் 'மைனா', 'கும்கி' காலத்து மெட்டுகளில் யுகபாரதியின் தமிழ் பளிச்சென்று தெரியும். பிறகு அதே மெட்டைத் திருப்பித் திருப்பித் துவைத்து உலர்த்திவிட்டார். சாம் சி.எஸ். மாதிரி பின்னணி இசையில் நிற்பவர்களுக்கு என் அளவுகோல் பொருந்தாது. 'கைதி'யில் புதுப்பாட்டே கிடையாது, அங்கே தமிழ் வாத்தியாருக்கு என்ன வேலை?

டல்லாஸ் அம்மாவுக்கு நடைமுறையாக ஒன்று. வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. வெள்ளிக்கிழமை பெரியவளை வாத்தியமில்லாமல் பாடச்சொல்லிப் பதிவு செய்து எனக்கு அனுப்பு. ழகரம் வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்கிறேன். சின்னவன் அனிருத்தான் என்றால் விட்டுவிடு, அவனுக்கு வயது ஐந்து.

யுவனையும் ஹாரிஸையும் ஜிப்ரானையும் எங்கே என்று கேட்கத் தயாராக இருப்பவர்கள் கீழே வரிசையில் வரலாம். 1996 பேட்ச் மட்டும் தனித்தனியாக எழுதாமல் ஒரே ஆளிடம் சொல்லி எழுதவும், உங்கள் கையெழுத்தே எனக்குப் புரியாது, தட்டச்சு அதைவிட மோசம்.