பெயரும் பொருளும்: மின்கித்தாரைக் குறித்துச் சில எண்ணங்கள்

ஒரு பொருளை அறிதற்குப் பெயர் வாயிலாகும். ஆயினும் வாயிலையே வீடென்று கொள்வாரும் உளர். நம் மாணவருட் பலர் மின்கித்தாரைப் பற்றி உரையாடுங்கால் இம்மயக்கத்திற்கு உள்ளாகின்றனர். இன்ன பெயருடையது உயர்ந்தது, இன்ன பெயருடையது தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூறுவர். அப்பெயர் எதனைக் குறிக்கின்றது என்று வினவினாலோ வாய் வாளாதிருப்பர். பெற்றோர் அரிதின் ஈட்டிய பணத்தைக் கொண்டு கருவி வாங்கப் புகும் மாணவனுக்கு இஃது அற்ப விஷயமன்று. பெயரைக் கேட்டு மயங்காது, அமைப்பைக் கண்டு தெளிதல் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

முதலாவது, இப்பெயர்கள் எவ்வாறு தோன்றின என்று பார்ப்போம். கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரத்தில் லியோ ஃபெண்டர் என்பார் 1950-இல், உட்குடைவில்லாத கட்டை மரத்தாலாகிய ஒரு கித்தாரைச் செய்து, பிராட்காஸ்டர் என்று பெயரிட்டு விற்கலாயினார். கிரெட்ச் நிறுவனத்தார் தம்முடைய டிரம்முகளுக்கு அதே ஓசையுள்ள பெயரை முன்னமே வழங்கி வந்தமையால், 1951-இல் ஆட்சேபித்தனர். ஃபெண்டர் தொழிற்சாலையார் கித்தாரின் தலையில் ஒட்டும் சீட்டிலிருந்து அப்பெயரைக் கத்தரித்துவிட்டுச் சிலகாலம் பெயரின்றியே கருவிகளை விற்றனர். பின்னரே டெலிகாஸ்டர் என்னும் பெயர் அமைந்தது. ஒரு பெயர் போய், பெயரே இல்லாதிருந்து, மறுபெயர் வந்தபோதும் கருவி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இதற்கு மறுதலையாக, பெயர் நிற்கப் பொருள் மாறியதும் உண்டு. மிச்சிகனிலுள்ள கலமசூ நகரத்துக் கிப்ஸன் நிறுவனத்தார், லெஸ் பால் என்னும் இசைவாணரின் பெயரால் 1952-இல் ஒரு கித்தாரை வெளியிட்டனர். அது தடித்த உடலும் ஒருபுறத்தே மட்டும் வெட்டிய தோளும் உடையது. 1961-இல் அவ்வுருவத்தைக் கைவிட்டு, இருபுறமும் கொம்பு போன்ற மெல்லிய உடலை அமைத்தனர். பெயரை மட்டும் மாற்றினாரல்லர். 1963-இல்தான் புதிய உருவம் எஸ். ஜி. என்னும் தனிப்பெயர் பெற்றது. பழைய உருவம் 1968-இல் மீண்டும் வந்தது. ஆகவே, 1962-இல் வாங்கியதையும் 1958-இல் வாங்கியதையும் ஒருங்கே வைத்தால், பெயர் ஒன்றாயினும் கருவி இரண்டாகும்.

அடைமொழிகளும் எண்களும் இன்னும் மயக்கம் தருவன. கஸ்டம் என்றால் வாங்குவோர் விருப்பப்படி தனியே செய்தது என்று நினைப்போம். டெலிகாஸ்டர் கஸ்டம் என்பது 1959-இல் ஓரத்தில் விளிம்புப்பட்டை கட்டிய அழகுவகையைக் குறித்தது; 1972-இலோ, வேறு பிக்கப் பொருத்திய வேறொரு வகையைக் குறித்தது. கிப்ஸனின் இ. எஸ். என்னும் எழுத்துகள் மின்சார ஸ்பானியம் என்று விரியும். ஸ்பெயின் நாட்டிற் செய்தது என்பது கருத்தன்று. மடியிற் கிடத்தி வாசிக்கும் ஹவாய் முறைக்கு வேறாக, நிமிர்த்தி வாசிப்பது என்பதே கருத்து. இ. எஸ். 335, இ. எஸ். 330 என்னும் இரண்டும் தோற்றத்தில் இரட்டையர் போல்வன. ஆயினும் முன்னதன் நடுவே கட்டை மரம் ஓடுகின்றது. பின்னது முழுதும் உட்குடைவானது. ஒலிபெருக்கியின் ஓசையை மிகுத்தால் பின்னது எளிதில் ஊளையிடும். ஐந்தென்னும் எண் வேறுபாட்டில் இத்துணைப் பொருள் வேறுபாடு அடங்கியுள்ளது!

அங்ஙனமாயின் காணவேண்டியது யாது? மூன்றைக் காண்க. ஒன்று, பிக்கப். காந்தத்தைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருளே அது. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் உள்ளவை போன்ற ஒற்றைச் சுருள்கள் தெளிந்த, கூரிய நாதம் தருவன. ஆனால் அருகிலுள்ள மின்கருவிகளின் இரைச்சலையும் சேர்த்து வாங்குவன. கிப்ஸனில் பணியாற்றிய ஸெத் லவர் என்பார் இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து, இரைச்சல் தன்னைத்தானே அழிக்குமாறு செய்தார். 1957 முதல் லெஸ் பால் கித்தாரில் இடம்பெற்ற இவ்விரட்டைச் சுருளின் நாதம் கனத்தது. இரண்டு, தந்தியின் நீளம். ஃபெண்டர் கித்தார்களிற் பெரும்பாலானவற்றில் அது 25½ அங்குலம். கிப்ஸனில் ஏறக்குறைய 24¾ அங்குலம். ஒரே சுருதிக்கு நீண்ட தந்தியை அதிகம் முறுக்கவேண்டும். குறுகியது விரலுக்கு எளிதில் வளையும். மூன்று, உடலும் கழுத்தும் சேரும் விதம்: ஃபெண்டர் திருகாணியால் முடுக்குவார், கிப்ஸனார் பசையால் ஒட்டுவர்.

பெயர் என்பது செய்வோரின் நற்சான்று அன்றோ என்று சிலர் தடை நிகழ்த்தலாம். ஓரளவிற்கு அது மெய்யே. நல்ல பட்டறையின் பெயருக்கு மதிப்புண்டு. ஆயினும் ஃபெண்டர் நிறுவனத்தாரே ஸ்குவையர் என்னும் பெயரால் 1982 முதல் மலிவான கித்தார்களை விற்று வருகின்றனர். ஸ்குவையர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை ஆராய்ந்தால் அதே தந்தி நீளமும், அதே மூன்று பிக்கப் அமைப்பும், அதே திருகாணிக் கழுத்தும் காணலாம். உறுப்புகளின் தரத்திலும் வேலைப்பாட்டிலும் குறைவு இருக்கலாம், குலத்தில் வேறுபாடில்லை. விலையுயர்ந்த பெயரைத் தாங்கியும் மெட்டுக்கள் சமமாக இராத கருவியைவிட, எளிய பெயருடன் சுருதி பிசகாது நிற்கும் கருவியே மாணவனுக்கு நல்ல துணை. பெயர் குலத்தைச் சொல்லும். கையிலுள்ள கருவியின் குணத்தைச் சொல்லாது.

ஆதலின் மாணவ நண்பர்களே, கடைக்குச் செல்லுமுன் எவ்வித நாதம் வேண்டுமென்று உமக்குள் தெளிமின். அதற்கேற்ற பிக்கப்பும் தந்தி நீளமும் உடையதைத் தேடி, கையில் எடுத்து, ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி வாசித்துப் பார்மின். எளிய பெயருள்ள கித்தாரைக் கொணரும் தோழனை ஏளனம் செய்யாதிருமின். அவன் வாசிப்பைக் கேட்டபின் பேசுவதே இசை பயில்வார்க்கு அழகு.