இசைப்பொறியும் மின்னற் குறியும்

எம் விடுதி இசையறையில் கையகலப் பொறி ஒன்று உளது. ராஸ்பெரி பை எனப்படும் சிறு கணினிப் பலகைகளுள் மூன்றாம் வகையினது; அவ்வகை 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனோடு வன்தட்டொன்றை இணைத்துப் பாடல்களை நிரப்பி, மாலைதோறும் ஒலிபெருக்கியிற் கேட்டு வருகின்றோம். இப்பொறி சென்ற ஆண்டு முழுவதும் தன் குறையை முறையிட்டுக் கொண்டிருந்தது என்பதும், யாம் அதனைச் செவிமடுத்திலேம் என்பதும் ஈண்டு நாணத்துடன் எழுதற்பாலன.

இப்பலகைக்கு வேண்டுவது 5 வோல்ட் மின்னழுத்தம். அஃது ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே தாழுமாயின், திரையின் மேல்மூலையில் மின்னல் வடிவிலே மஞ்சட்குறி ஒன்று தோன்றும். பொறியும் தன் வேகத்தைத் தானே தளர்த்திக் கொள்ளும். இசைப்பொறிக்கோ பெரும்பாலும் திரை இராது. ஆதலின் எச்சரிக்கை உள்ளிருக்கும் பதிவேட்டிலேயே குவிந்து கிடந்தது. ஒருநாள் திரையை இணைத்தபோது மின்னல் பளிச்சிட்டது. உடனே நண்பர் ஒருவர் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி அக்குறியை மறைத்துவிட்டார். யாமும் அவர்தம் திறமையை மெச்சினோம்!

அச்செயல் பிழை என்பதே இன்று எம் கருத்து. குறி மறைந்ததேயன்றி, பாட்டு இடையிடையே திக்கியதும், வன்தட்டு தானே துண்டிக்கப்பட்டதும் நின்றபாடில்லை. ஈற்றில் நினைவட்டையும் பழுதுற்றது. ஓய்வுபெற்ற எம் விடுதிச் சமையற்காரர் ஒருவர் பாடிய கும்மிப்பாட்டு, வேறெங்கும் படியின்றி, அதனுள் இருந்தது. மின்குறைவே அதனை அழித்தது என்று ஐயமற நாட்டல் அரிது. ஆயினும் எழுதிக் கொண்டிருக்கும் அட்டைக்கு மின்சாரம் தடுமாறினால் பதிவு சிதையும் என்பது யாவரும் அறிந்ததே. ஒரு படியெடுத்து வையாத எம் மடமையையும் இங்கு மறைப்பதற்கில்லை.

பலரும் முதலிற் பழிப்பது சார்ஜரை. யாமும் அவ்வாறே பழித்து, புதிது வாங்கினோம், பயனில்லை. அதன்மேற் பொறித்த வாட் எண்ணை நம்புதலும் தவறு. கைபேசியோடு உடன்பட்டு 9 வோல்ட் வழங்கும்போதுதான் பல சார்ஜர்கள் தம் முழு ஆற்றலையும் தருவன. எம் பலகை அங்ஙனம் கேட்டுப் பெறுவதன்று. 5 வோல்ட்டுக்கு நேரே எழுதிய ஆம்பியர் எண்ணையே நோக்குதல் வேண்டும். இவ்வகைப் பலகைக்கு 2.5 ஆம்பியர் என்பது அதனைச் செய்வோர் கூறும் அளவு.

பௌதிக சோதனைச்சாலையில் மல்டிமீட்டர் ஒன்றை இரவல் பெற்று அளந்தோம். வன்தட்டுச் சுழலும்போது சார்ஜர் வாயிலில் 5.08 வோல்ட், பலகையின் ஊசிகளிலோ 4.55. இடையில் அரை வோல்ட்டை உண்டது யாது? ஒருவரும் ஐயுறாத கேபிளே! மலிந்த கேபிள்களில் 28-ஆம் எண் மெல்லிய கம்பி இருத்தலுண்டு. எண் ஏற ஏறக் கம்பி மெலியும். ஒரு மீட்டர் நீளமாயின், மின்னோட்டம் சென்று மீளும் வழி இரண்டு மீட்டர். அதன் தடை ஏறத்தாழ 0.43 ஓம். ஓர் ஆம்பியர் ஓடினால் 0.43 வோல்ட் வழியிலேயே கழியும். 24-ஆம் எண் கம்பியாயின் கழிவு 0.17 வோல்ட்டே. பொறி வாளா இருக்கும்போது குறை தோன்றாது, வன்தட்டுச் சுழலுங்கால் மட்டும் தோன்றியதன் காரணமும் இதுவே. ஓம் விதியைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த விஞ்ஞான மாணவர் மூவர் எம் அறையில் இருந்தனர் என்பதைப் பகராமலிருக்க இயலவில்லை.

ஆகவே முதற்கண் வன்தட்டைக் கழற்றிப் பார்க்க, அடுத்துக் கேபிளை மாற்றுக, சார்ஜர் அதன்பின். மின்னிலையைப் பொறியிடமே வினவும் கட்டளையும் உண்டு. 50005 என விடை வரின் இப்போதே மின்னழுத்தம் குறைந்து வேகமும் தளர்ந்துளது. 50000 எனின், இப்போது நலமாயினும், பொறியைத் தொடங்கிய பின் அக்குறை நேர்ந்துளது. பின்னதைக் கண்டு ஆறுதல் கொள்வோர் பலர், யாம் கொள்ளோம்.

அரை மீட்டர் நீளமுள்ள தடித்த கேபிளை இட்டபின் ஊசிகளில் 4.97 வோல்ட் காட்டிற்று. மறைத்த குறியையும் மீண்டும் வெளிப்பட வைத்துள்ளோம். இதுவரை அது தோன்றவில்லை. பழைய கேபிள் கதவருகே ஆணியில் தொங்குகிறது. கைபேசிக்கு மின்னேற்ற விழைவோர் அதனை எடுத்துக் கொள்க, பொறியிலுள்ளதைத் தொடற்க.