சிவப்புத் தண்ணி ரத்தம் ஆகாது

1. ஏழு மாசக் கர்ப்பிணி. ஹீமோகுளோபின் 7.2. குறைஞ்சது 11 இருக்கணும்.

"சத்து மாத்திரை போடுறியாம்மா?"ன்னு கேட்டேன். பதில் சொன்னது மாமியார்.

"குமட்டுது, மலம் கருப்பாப் போகுது டாக்டரம்மா. பயந்து நிறுத்தியாச்சு. இப்ப பதிமுகத் தண்ணிதான் குடுக்கேன். செக்கச்செவேல்னு இருக்கும். ரத்தம் ஊறும்லா?"

2. திட்ட மனசு வரல. மருமகளுக்காக தினமும் தண்ணி காய்ச்சுற மனுஷி. ஆனா இந்த நம்பிக்கையைப் பத்திப் பேசியே ஆகணும்.

3. பதிமுகம் என்பது சப்பங்கி மரத்தின் உள்கட்டை. துணிக்குச் சாயம் போட்ட மரம். கேரளா ஹோட்டல்ல உட்கார்ந்ததும் இளஞ்சிவப்பா வெந்நீர் வைப்பாங்களே, அது இதுதான். தாகம் தணிக்கும்னு ஆயுர்வேதத்தில் சொல்வார்கள். ஜாவாவில் இஞ்சி, கிராம்பு, பட்டை சேர்த்துக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள்.

4. அப்போ கெட்டதா? இல்லை. ஆரோக்கியமான பெரியவங்க ஹோட்டல்ல ஒரு டம்ளர் குடிச்சா ஒண்ணும் ஆகாது. நல்லா கொதிச்ச தண்ணியில காலரா, டைபாய்டு கிருமி சாகும். அந்தப் புண்ணியம் கட்டைக்கு இல்ல, அடுப்புக்கு!

5. அந்தச் சிவப்பு எங்கிருந்து வருது? கட்டையில் உள்ள பிரேசிலின் என்ற பொருளில் இருந்து. அதில் எலுமிச்சை பிழிஞ்சு பாருங்க, மஞ்சளா மாறிடும். நம்ம ரத்தத்தின் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது. அதை உருவாக்க இரும்புச்சத்து வேணும். பிரேசிலினில் இரும்பு கிடையாது. ரெண்டுக்கும் நிறம் மட்டும்தான் ஒற்றுமை.

6. பீட்ரூட்டை நம்புவதும் இதே கணக்குதான். நிறத்தைப் பார்த்து இரும்பை எடை போட முடியாது. முருங்கைக்கீரை பச்சை, ஆனா அதுல இரும்பு இருக்கு.

7. இன்னொண்ணு. சீனப் பாரம்பரிய மருத்துவத்திலும் இந்தக் கட்டை உண்டு. ரத்த ஓட்டத்தைத் தூண்டும் மருந்தாகக் கருதுவதால், கர்ப்பிணிகளுக்குக் கூடாதுன்னு அவங்களே சொல்றாங்க. பாரம்பரியம்னா அதன் எச்சரிக்கையும் சேர்த்துத்தானே?

8. மாத்திரை போடும் தாய்மார்களுக்கு:
• மலம் கருப்பாப் போறது உடம்பு எடுத்துக்காத இரும்பு. பயப்பட வேண்டாம்.
• குமட்டினா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க.
• டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இதெல்லாம் கூடவே வேண்டாம். 2 மணி நேரம் இடைவெளி விடுங்க.
• கொய்யாப்பழமோ எலுமிச்சை ஜூஸோ கூட எடுத்தா இரும்பு நல்லா சேரும்.
• ஒத்துக்கலைன்னா எங்ககிட்ட சொல்லுங்க. நீங்களா நிறுத்தாதீங்க.

9. இதுல எங்க தப்பும் இருக்கு. கர்ப்ப காலத்துக்கு 180 மாத்திரை கொடுக்கிறோம். மலம் கருப்பாப் போகும்னு அந்தப் பொண்ணுகிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லல. நாங்க சொல்லாம விட்ட இடத்துலதான் சிவப்புத் தண்ணி வந்து உட்கார்ந்தது. சக மருத்துவர்களே, செவிலியர்களே, மாத்திரையோட அந்த ஒரு வார்த்தையும் கொடுப்போம்.

10. அந்தப் பொண்ணுக்கு நரம்பு வழியா இரும்புச்சத்து ஏத்தினோம். அஞ்சு வாரத்துல 9.6. மாமியார் இப்பவும் தண்ணி காய்ச்சுறாங்க. மாமனாருக்குப் பதிமுகம், மருமகளுக்கு வெறும் வெந்நீர்.

ராத்திரி மாத்திரையை எடுத்துக் கையில கொடுக்கிறதும் இப்ப அவங்கதான்.