புதியது வரட்டும், பழைய கணக்கு நிற்கட்டும்



சென்ற பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, இராஜபாளையத்தில் எங்கள் மொத்தக் கடையில் நடந்த தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். பல ஆண்டுகளாக எங்களிடம் சரக்கெடுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மளிகைக்கடைக்காரர் ஒருவர், எங்கள் இணையப் பக்கத்தில் பச்சரிசி 10 சிப்பம் ஆர்டர் போட்டிருந்தார். 26 கிலோ சிப்பம். மொத்தம் 260 கிலோ. எங்களுக்கு வந்த சீட்டிலோ 10 கிலோ என்றிருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் பத்துக் கிலோவைக் கட்டி டெம்போவில் ஏற்றிவிட்டான். அவர் வேறிடத்தில் கூடுதல் விலைக்கு வாங்கித் தம் வாடிக்கையைக் காப்பாற்றிக்கொண்டார். "அண்ணாச்சி, நான் சிப்பம்னுதானே போட்டேன்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. முந்தின இரவுதான் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தோம். புதிய வசதிகள் பல வந்தன. ஆனால் சிப்பத்தைக் கிலோவாக்கும் பழைய இணைப்பு ஒன்று புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் நின்றுவிட்டது. நின்றதை யாருக்கும் சொல்லவுமில்லை. சோதிக்காமல் மாற்றிய குற்றம் எங்களுடையதே.

இத்தகையவற்றைத் திறந்த மூல மென்பொருள் என்கிறார்கள். அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்; பெரும்பாலும் காசு கேட்பதில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அந்த மாட்டை நம்பி வண்டி பூட்டியாகிவிட்டதே! பார்க்கத்தான் வேண்டும்.

புதியதையும் பழையதையும் ஒத்துப்போக வைப்பது நம் தொழில் அறியாததல்ல. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. பழைய நாணயம் ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. சில காலம் இரண்டும் புழங்கின. நாலணாவுக்கு 25, எட்டணாவுக்கு 50 என்று கணக்கு நேராக நின்றது. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா என்பதால் சில்லறையில்தான் சச்சரவு என்று எங்கள் தந்தையார் சொல்வார். 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30-ஓடு விடைபெற்றது. நாலணா என்ற பேச்சு இன்னும் செல்லுபடியாகிறது.

மென்பொருளிலும் இந்த வழி உண்டு. உலகில் ஏராளமான இணையப் பக்கங்களை இயக்கும் வேர்ட்பிரஸ் 2003-ல் தொடங்கியது. 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில், எழுதும் திரையையே மாற்றினார்கள். பழகியவர்கள் பலர் எதிர்த்தார்கள். பழைய திரை வேண்டுவோருக்குக் 'கிளாசிக் எடிட்டர்' என்ற இணைப்பைத் தனியே கொடுத்தார்கள். அது இன்றும் கிடைக்கிறது.

ஆனால் பழையதைச் சுமக்கவும் கூலி உண்டு. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் 5.2 பதிப்புக்கு, அதை உருவாக்கியவர்களே 2011-ல் பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள். வேர்ட்பிரஸ் 2019 மே வரை அதையும் தாங்கி வந்தது. பராமரிப்பு நின்ற பதிப்பில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பதாகும். விலைபோகாத சரக்கு கிட்டங்கியை அடைத்துக்கொள்வது போல, பழைய நிரலும் புதிய வேலைக்கு இடம் விடாது. ஆகவே என்றும் பழையதே வேண்டும் என்று நாம் அடம்பிடிப்பதும் நியாயமன்று.

எங்கள் கருத்து இதுதான்: பழையதை மூடலாம்; முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மாற்று வழியும் காட்டிவிட்டு மூட வேண்டும். நம் பங்குக்கு நாமும் சிலவற்றைச் செய்தாக வேண்டும்.

புதிய பதிப்பை முதலில் ஒரு நகலில் போட்டு, பழைய ஆர்டர் நாலைந்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். பொங்கல், தீபாவளி வாரங்களில் எதையும் மாற்றக் கூடாது. கணக்கின் நகலை வாரந்தோறும் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கடையும் தனியாகச் செய்யக் கட்டுபடியாகாது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வணிகர்கள் சேர்ந்து, விவரம் தெரிந்த இளைஞர் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் பிழை கண்டால் மென்பொருளை உருவாக்குவோருக்கு எழுதுவார். முடிந்தால் திருத்தியும் அனுப்புவார். சிப்பக் கணக்கு நமக்குத்தான் தெரியும். நாம் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கடைக்காரரின் நஷ்டத்தை ஈடு செய்துவிட்டோம். இப்போதும் அவர் இணையத்தில்தான் ஆர்டர் போடுகிறார். போட்ட கையோடு போன் செய்து, "சிப்பம்தானே வந்திருக்கு, அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொள்கிறார். இழந்த பணம் ஒரு நாளில் தீர்ந்தது. இழந்த நம்பிக்கை இன்னும் தீரவில்லை.