கலஹாவில் முடிந்துபோகும் ஒரு தலைமுறை: நாடற்றவர்களாக்கப்பட்ட நாளைக் கண்டவர்கள்

பேராதனை கலஹா சந்தியில் திரும்பி, பல்கலைக்கழகத்தைக் கடந்து மலையேறும் வீதியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் கூடிவிட்டன. கலஹா நகரைத் தாண்டித் தெல்தோட்டைப் பக்கம் போனால், லயங்களுக்குத் திரும்பும் முடக்குகளில் ஒன்றேனும் தொங்குகிறது. படம் பெரும்பாலும் தேசிய அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியதாக இருக்கும். வேறு படம் இருப்பதில்லை. வயது 79, 83, 86 என்று போட்டிருப்பார்கள். கீழே பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள். கடைசியில் மரண உதவிச் சங்கத்தின் பெயர்.

நான் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். இழவு வீடுகளுக்குப் போவது எனக்குப் புதிதல்ல. ஆனால், அண்மையில் போன இழவு வீடுகளில் ஒரு விடயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பதாகையில் உள்ள வயதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1948 நவம்பர் 15ஆம் திகதிக்கு முன் பிறந்த எவரும் இன்று 77 வயதைத் தாண்டியவர். அந்தத் திகதி, சுதந்திர இலங்கையின் முதலாவது பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். நாங்கள் இப்போது சுடலைக்குத் தூக்கிச் செல்வது, இந்த மண்ணில் பிறந்து, தவழும் வயதிலோ பள்ளிக்கூட வயதிலோ நாடற்றவர்களாக்கப்பட்ட மனிதர்களை. அவர்களுக்குப் பின்னர் பிறந்தவர்கள் நாடற்றவர்களாகவே பிறந்தோம். பறிபோனதைக் கண்டவர்கள் வேறு, பறிபோனபின் வந்தவர்கள் வேறு.

அந்தச் சட்டம் கேட்டது என்ன? 1948க்கு முன் இங்கே பிறந்த ஒருவர், தன் தகப்பனும் இங்கேதான் பிறந்தார் என்றோ, தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்றோ நிரூபிக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழே ஒழுங்காக இல்லாத காலத்தில் பாட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். சுமார் 1,34,000 பேருக்கே கிடைத்தது. அதே 1949இல் வாக்குரிமையும் போனது.

கடதாசி இல்லாததால் நாடு இல்லாமல் போனவர்கள், கடைசியில் கடதாசி இல்லாமலேயே சாகிறார்கள் என்பதுதான் என் உறுத்தல். மரணச் சான்றிதழ் கிடைக்கிறது, உண்மைதான். அதில் பிறந்த திகதி என்ற இடத்தில் இருப்பது பல பேருக்கு எப்போதோ ஒரு கிளார்க் உத்தேசமாக எழுதிய திகதி.

கலஹாவைப் பற்றி எழுதும்போது லூல்கந்துரவைத் தவிர்க்க முடியாது. இங்கிருந்து அதிக தூரமில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம். சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல்லாசனத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். டெய்லர் 1892 மே மாதம் தன் 57ஆவது வயதில் இறந்தார். அவரது உடலைத் தோட்டத் தொழிலாளர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி, மலைப்பாதையில் கண்டிவரை சுமந்துபோனார்கள். மஹியாவை மயானத்தில் அவருக்குக் கல்லறை இருக்கிறது, கல்லில் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களில் ஒருவரின் பெயர்கூட எங்கேயும் இல்லை. டெய்லர் மீது எனக்குக் கோபமில்லை. தொழிலாளர்கள் அவரை விரும்பியே சுமந்திருக்கலாம். ஆனால் ஒரே நாளில், ஒரே பாதையில், ஒரே சவ ஊர்வலத்தில் போனவர்களில் யாருடைய பெயர் எழுதப்படும், யாருடையது எழுதப்படாது என்பது அன்றே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

எழுதப்பட்ட பெயர் ஒன்று உண்டு. ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் சமசமாஜிகளின் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. அவரது மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா முன்னிலையானார். தோட்டத் தொழிலாளர் போராட்டத்தில் உயிர்நீத்த முதலாவது தியாகி என்று மேடைகளில் இன்றும் கோவிந்தனைச் சொல்கிறார்கள். ஒரு தொழிலாளியின் பெயர் வரலாற்றில் ஏறுவதற்கு அவர் சுடப்பட வேண்டியிருந்தது. நாற்பது வருடம் கொழுந்து பறித்து, எட்டுப் பிள்ளை பெற்று, லயத்துக் காம்பராவில் கண்ணை மூடிய அவருடைய காலத்துப் பெண்களில் ஒருத்தியையாவது யாரும் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை.

பெண்களைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இப்போது இறக்கும் பாட்டிமார் 1984 வரை ஆண்களைவிடக் குறைந்த நாட்சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். காலையில் பிரட்டுக்குப் போவதற்கு முன் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மாலையில் கொழுந்து நிறுத்து, வந்து அடுப்பு மூட்டியவர்கள். பல தோட்டங்களில் சம்பளத்தைக் கையில் வாங்கியதுகூடப் புருஷன்தான். செக்ரோலில் அவர்கள் பெயரை எழுதியவர் தமக்குக் கேட்டபடி எழுதினார். ஒரே பெண்ணுக்குச் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர். இது பழைய கதையல்ல. ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போது இந்த மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டி, ஓர் எழுத்து வித்தியாசத்துக்காக மூன்று வருடம் அலைந்தார். பணம் அவர் உயிரோடு இருக்கும்போது வரவில்லை. கண்டி மாவட்டத்தில் அரசு நிர்வாகத்தில் எஞ்சிய தோட்டங்களில் சேமலாப நிதி நிலுவை என்பதே ஆண்டுக்கணக்காகப் பேசப்படும் தனிப் பிரச்சினை. அதில் பெயர்ப் பிழையும் சேர்ந்தால் கிழவிக்கு எங்கே தெம்பு?

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். எண்ணப்பட்டவர்களில் ஒருவரிடமும் முதலில் கேட்கவில்லை. அப்போது பதினாறு, இருபது வயதில் இருந்தவர்கள்தான் இன்றைய பதாகைகளில் இருப்பவர்கள்.

எங்கள் அப்பாயி அந்தக் காலத்தைச் சொல்லும்போது அரசாங்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். ரயிலைப் பற்றித்தான் சொல்வார். கண்டி ஸ்டேஷனில் ஏற்றிவிடப் போன நாள். தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறி இராமேஸ்வரம் போக வேண்டும். ரயில் நகரும்போது மேடையில் நிற்பவர்களும் உள்ளே இருப்பவர்களும் செத்த வீடுபோலக் கதறுவார்களாம். ஒப்பாரிக் கோச்சி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. “அண்ணன் போனதுதான். செத்த சேதி வந்துச்சு, மொகம் வரல” என்பார். அவருடைய அண்ணன் நீலகிரியில் தேயிலைத் தோட்டமொன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே முடிந்துபோனார். இங்கே “இந்தியாக்காரர்” என்று அனுப்பப்பட்டவரை அங்கே “சிலோன்காரர்” என்று கூப்பிட்டார்களாம்.

இந்த வருடம் இறந்த பெரியவர் ஒருவரின் டிரங்குப் பெட்டியைப் பதினாறாம் நாள் கருமாதி முடிந்து பிள்ளைகள் திறந்தபோது, துணியில் சுற்றிய இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று இருந்தது. ஒரு முத்திரைகூட விழாதது. 1984இல் யுத்தம் காரணமாக இராமேஸ்வரம் கப்பல் நின்றதால் அவர் போகவில்லை. அதன்பிறகு இரண்டு நாட்டுக்கும் இல்லாத மனிதராக ஏறத்தாழ இருபது வருடம், 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை, அதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். யுத்தம் எத்தனையோ பேரை நாட்டைவிட்டு ஓட வைத்தது. இவரை அதே யுத்தம்தான் இங்கே நிறுத்தி வைத்தது. அவர் ஏன் அந்தக் கடவுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார் என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. கேட்க நினைத்ததே இல்லையாம்.

வடக்கிலும் கிழக்கிலும் இருந்தும், புலத்திலிருந்தும் இதை வாசிப்பவர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றலாம். தூரமில்லை. 1970களின் முற்பகுதியில், காணிச் சீர்திருத்தத்தோடு கண்டிப் பக்கத்துத் தோட்டங்கள் கைமாறியபோது வேலையிழந்து துரத்தப்பட்டவர்களும், 1973 – 74 பஞ்சத்தில் தப்பியவர்களும், 1977 வன்முறையில் லயம் எரிந்தவர்களும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும்தான் வந்தார்கள். காடு வெட்டிக் குடியேறினார்கள். காந்தீயம் அமைப்பின் டேவிட் ஐயாவும் டாக்டர் இராஜசுந்தரமும் அவர்களுக்குக் கைகொடுத்தார்கள். இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டொலர் பாம், கென்ற் பாம் பண்ணைகளில் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் மறுபடி விரட்டப்பட்டன. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்களில் இன்றும் இருப்பவர்களில் பலருக்கு மூத்தவர்கள் மலையில்தான். வன்னியில் 2009இல் மாண்டவர்களில் அவர்களும் உண்டு. அங்கே அவர்கள் ஈழத் தமிழராக இறந்தார்கள். கலஹாவில் அவர்களுடைய அக்காவும் தம்பியும் மலையகத் தமிழராக இறக்கிறார்கள். ஒரே தாய் பிள்ளைகள். இரண்டு இடத்து நினைவேந்தலிலும் மற்ற இடத்துப் பெயர் வருவதில்லை.

யுத்தத்தில் உறவை இழந்தவர்களுக்குப் பட்டியலின் பெறுமதியை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எத்தனை பேர், யார் யார் என்று எழுதிவைக்காதபோது, எண்ணிக்கையை அடுத்தவன் தன் வசதிக்குக் கூட்டிக் குறைக்கிறான். மலையகத்தில் இது மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 2012 குடிசன மதிப்பீட்டில் எட்டு இலட்சத்துக்கு மேல், நாட்டின் சனத்தொகையில் 4 வீதத்துக்குச் சற்று அதிகமாக இருந்தோம். 2024 மதிப்பீடு எங்களைச் சுமார் 6 இலட்சம், 2.8 வீதம் என்கிறது. இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்கள் எத்தனை பேர், வெளிநாடு போனவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் ஆராய வேண்டியவை. ஆனால் அரசியல்வாதிகள் இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆசனக் கணக்குப் போடுவதில் காட்டும் அக்கறையில் கால்வாசியை, அந்த எண்ணுக்குள் இருந்தவர்களின் கதையில் காட்டவில்லை. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். நல்ல காரியம். நடந்து முடிந்த பிறகு, அந்தப் பாதையைப் பற்றித் தம் பாட்டன்மாரிடம் கேட்டு வைத்திருந்த கிழவர்களிடம் போய் உட்கார்ந்தவர்கள் குறைவு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. வீட்டோடு மண்ணுக்குள் போனவர்களுடைய கடதாசிகளும் போயின. எஞ்சியவர்கள் நிவாரணத்துக்கும் காணிக்கும் நிற்கும்போது, எந்த லயம், எத்தனையாம் காம்பரா, எப்போதிருந்து குடியிருப்பு என்று கேட்கிறார்கள். பல இடங்களில் அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் அந்த லயத்தின் மூத்த கிழவிதான். வேறு பதிவு இல்லை. ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி கேட்டு நிற்கும் சமூகத்தில், ஐந்து தலைமுறையாக இங்கே இருக்கிறோம் என்பதற்குச் சாட்சி அவர்களின் வாய்தான். அந்த வாய் மூடும்போது ஒரு குடும்பத்தின் உரிமைக் கதையும் சேர்ந்து புதைகிறது. லயத்துச் சுடலைகளில் மேடு மட்டும்தான் இருக்கும், கல் இருக்காது. இரண்டு மழைக்காலத்தில் மேடும் கரைந்துவிடும்.

பெரிய நிறுவனம் வந்து காப்பாற்றும் என்று நான் காத்திருக்கவில்லை. மரண உதவிச் சங்கங்களிடம் ஏற்கெனவே ஒரு கொப்பி இருக்கிறது. யார் செத்தார், எவ்வளவு காசு கொடுத்தோம் என்று எழுதுகிறார்கள். அதே பக்கத்தில் நாலு வரி கூட எழுதினால் போதும்: எந்தத் தோட்டத்தில் பிறந்தவர், தகப்பன் தாய் பெயர், எத்தனை வயதில் செக்ரோலில் பெயர் விழுந்தது, இந்தியாவிலும் வன்னியிலும் யார் யார் இருக்கிறார்கள். கலஹா, தெல்தோட்டைப் பாடசாலைகளில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்கள், பிள்ளைகளைத் தம் சொந்த லயத்துப் பெரியவர்களிடம் கைத்தொலைபேசியோடு அனுப்பலாம். மன்னர்களைப் பற்றிய ஒப்படைகளைவிட அது பெறுமதியானது என்பது என் அபிப்பிராயம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருப்பவர்கள் தம் வீட்டு மூத்தவரிடம் கேட்டு, மலையில் எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று எழுதி அனுப்பினால், அறுபது வருடமாக அறுந்த சில நூல்களைக் கட்ட முடியும்.

எங்கள் தோட்டத்தில் எண்பதைத் தாண்டியவர்கள் இப்போது ஏழு பேர். போன தைப்பொங்கலுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரிடம் போவதாக இருக்கிறேன். ஒருவருக்குக் காது கேட்காது. பேத்தி பக்கத்தில் இருந்து சத்தமாகக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள்.