தோபியாவின் நாயும் அலுவலக வாசலும்



பழனி அருகே பாலசமுத்திரம் பக்கம் ஆடு மேய்க்கச் செல்பவரோடு நாயும் வேலைக்குப் போகிறது. யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் பயிற்சி பெற்ற வழிகாட்டி நாயோடு பள்ளிக்கு வேலைக்கு வந்தால், வாசலிலேயே நிறுத்திவிடுவோம் அல்லவா?

முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இன்று பல நாடுகளில் இத்தகைய நாய்கள் அலுவலகம் வரை துணை செல்கின்றன. மன நோயால் வாடுவோர் சிலர் ஆறுதலுக்காகவும் விலங்குகளைத் துணைக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. முன்னதற்குப் பயிற்சி உண்டு. பின்னதற்கு அது கட்டாயமில்லை. ஆறுதல் விலங்கு என்ற பெயரில் சாதாரணச் செல்லப்பிராணிகளும் விமானம் ஏறியதால், 2021 முதல் அமெரிக்க விமான நிறுவனங்கள் ஆறுதல் விலங்குகளை ஏற்க வேண்டிய கட்டாயம் நீக்கப்பட்டது. பொய் சொன்னவர்களால் உண்மையாகவே தேவைப்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள்.

நம் நாட்டில் வழிகாட்டி நாய்கள் அரிது. ஆனாலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிறுவனங்கள் தம் மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்கு 'நியாயமான ஏற்பாடு' செய்துதர வேண்டும் என்கிறது. அரசு உதவி பெறும் நிறுவனங்களும் இதில் அடங்கும். விலங்குகளைப் பற்றிச் சட்டம் தனியே பேசவில்லை. ஆனால் 2021-ல் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொருவரின் தேவையையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றது.

உடன் வேலை செய்பவரின் ஒவ்வாமையும் நாய்க்கடி பயமும் நியாயமானவையே. அதற்குத் தடுப்பூசி, தனி இருக்கை, முன்கூட்டியே மனம்விட்டுப் பேசுதல் என வழிகள் உண்டு. அவை போதாத இடத்தில் வேறு உதவியைத் தேடலாம். கேட்காமலே மறுப்பதுதான் தவறு.

மனிதருக்கு உரிய அன்பை விலங்குகளுக்குத் தந்துவிடக் கூடாது எனத் திருச்சபையின் மறைக்கல்வி எச்சரிக்கிறது. உண்மைதான். ஆனால் இங்கே நாம் இடம் கொடுப்பது நாய்க்கா, மனிதருக்கா? மாற்றுத்திறனாளிகளும் உழைப்பில் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-ல் உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் எழுதினார். இன்னொரு கேள்வியும் உண்டு. மனம் உடைந்த ஒருவர் பக்கத்து இருக்கையில் கிடைக்காத ஆறுதலை ஒரு நாயிடம் தேடுகிறார் என்றால், பக்கத்து இருக்கையில் இருந்த நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

தோபித்து பார்வையிழந்தபோது அவர் மனைவி அன்னா கூலி வேலைக்குப் போனார். மகன் தோபியா வழிப்பயணம் புறப்பட்டபோது வானதூதரோடு அவரது நாயும் உடன் சென்றது. திரும்பி வந்தபோதும் நாய் பின்னே வந்தது. அந்த நாயை யாரும் விரட்டியதாக விவிலியம் சொல்லவில்லை.

நம் பள்ளிகளும் மருத்துவமனைகளும் வேலை கொடுக்கும் இடங்களே. அந்த வாசலில் நாளை ஒருவர் தம் துணையோடு வந்து நின்றால், முதலில் நம் கண்ணில் படுவது நாயா, மனிதரா? சிந்திப்போம்.